பதில் போடாத கடிதங்கள்

மூட் கோர்ட்டில் அன்று வாதாடிய சட்டக் கல்லூரி மாணவ மாணவியருக்கு,

என் பெயர் உங்களுக்கு நினைவிருக்காது. இரண்டாவது ஹாலில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, வந்த அணியை எல்லாம் ஒரே கேள்வி கேட்டுக் குடைந்த நரைத்த தலை வக்கீல் என்றால் தெரியும். நீதிபதி வேடம் எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருடமாக நான் நடத்துவதெல்லாம் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வண்டிப்பாதை வழக்குகள். சர்வதேசச் சட்டம் எனக்குத் தொழில் இல்லை, ராத்திரியில் படிக்கிற பழக்கம். வர வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

உங்களுக்குக் கொடுத்த பிரச்சினை ரொம்பச் சுருக்கமானது. இரண்டு கற்பனை நாடுகள். ஒன்றின் மலைப்பகுதியில் ஓர் ஆயுதக் குழு பதுங்கியிருக்கிறது. மற்ற நாடு எல்லை தாண்டி ட்ரோன் அனுப்பி ஒரு வீட்டைத் தகர்க்கிறது. இது சர்வதேசச் சட்டப்படி செல்லுமா? அவ்வளவுதான்.

தாக்கிய நாட்டின் சார்பில் நின்ற மாணவி தெளிவாகப் பேசினார். குறிப்பைப் பார்க்காமல் பேசினார். "அன்வில்லிங் ஆர் அனேபிள் கோட்பாட்டின்படி, மைலார்ட்" என்று ஆரம்பித்தார். தன் மண்ணில் இருக்கும் ஆயுதக் குழுவை அடக்க மனமில்லாத, அல்லது வக்கில்லாத அரசின் எல்லைக்குள் பாதிக்கப்பட்ட நாடு நுழையலாம் என்பது அதன் சாரம். "இந்தக் கோட்பாட்டை ஒப்புக்கொண்டவர்கள் யார்?" என்று கேட்டேன். "பல நாடுகள், மைலார்ட்." பெயர் கேட்டேன். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, துருக்கி என்று நான்கு வந்தது. "மற்ற நாடுகள்?" ஒரு கணம் யோசித்தார். "ஆட்சேபிக்கவில்லை, மைலார்ட்." மணி அடித்துவிட்டது.

எதிர்த் தரப்பு எழுந்தபோது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன். அவர்களும் கோட்பாட்டை ஒப்புக்கொண்டுவிட்டு, "எங்கள் அரசுக்கு மனமும் இருக்கிறது, வக்கும் இருக்கிறது" என்று வாதாடினார்கள். அன்று வந்த அத்தனை அணியும் அப்படித்தான். வேலி தாண்ட உரிமை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலி தாண்டும் அளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மோசமானவனா என்பதே வழக்காகிப்போனது. அன்று எனக்கு விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. அந்தக் கடனைத்தான் இந்தக் கடிதத்தில் கழிக்கிறேன்.

முன்சீப் கோர்ட் வாசலில் எந்த வக்கீலைக் கேட்டாலும் கட்சிக்காரருக்குச் சொல்கிற முதல் புத்தி ஒன்று உண்டு: வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருக்காதே. பதில் போடாவிட்டால், "நோட்டீஸ் கிடைத்தும் எதிரி மறுக்கவில்லை" என்று ஒரு வரி பிராதில் ஏறிவிடும். அந்த வரியை இறக்குவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பதில் போடவில்லை என்பதற்காகவே நிலம் நோட்டீஸ் விட்டவனுக்குப் போய்விடாது. அவன் பாத்தியதையை அவன்தான் நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் எழுத்து வாதங்களில் கரோலைன் வழக்கை எல்லோரும் அடிக்குறிப்பில் போட்டிருந்தீர்கள். அந்தக் கதையை யாரும் முழுதாகப் படித்த மாதிரி தெரியவில்லை. 1837இல் கனடா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே கிளர்ச்சி செய்தவர்கள் தோற்று, நயாகரா ஆற்றின் நடுவே உள்ள நேவி தீவில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆற்றின் அமெரிக்கக் கரையிலிருந்து கரோலைன் என்ற சின்ன நீராவிக் கப்பல் அவர்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போனது. டிசம்பர் 29 ராத்திரி பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் படகுகளில் ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் கட்டிக் கிடந்த அந்தக் கப்பலைப் பிடித்து, தீ வைத்து, அருவியை நோக்கி இழுத்து விட்டுவிட்டார்கள். அமெரிக்கர் ஒருவர் செத்தார்.

ஆயுதக் குழு, அதற்கு இடம் கொடுக்கும் பக்கத்து நாடு, எல்லை தாண்டிய தாக்குதல் என்று உங்கள் பிரச்சினையில் இருந்த எல்லாமே இதில் இருக்கிறது. ட்ரோன் மட்டும்தான் இல்லை.

அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. பல வருடம் கடிதப் போக்குவரத்து நடந்தது. நடுவில், அந்தத் தாக்குதலில் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவரை நியூயார்க் மாநிலம் கைது செய்து கொலை வழக்கு நடத்தியது. 1841இல் அவர் விடுதலையானார். அதே வருடம் ஏப்ரல் 24 அன்று வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்தில்தான் நீங்கள் மேற்கோள் காட்டிய அந்த வரையறை வருகிறது. தற்காப்புத் தேவை அந்தக் கணத்தில் எழுந்ததாக, வேறு எதையும் மிஞ்சியதாக, மாற்று வழிக்கோ யோசனைக்கோ இடம் விடாததாக இருக்க வேண்டும்; அப்படி இருந்ததென்று பிரிட்டன்தான் காட்ட வேண்டும். அடுத்த வருடம் வந்த ஆஷ்பர்ட்டன் பிரபு அந்த அளவுகோலை ஒப்புக்கொண்டார். அந்த அளவுகோலின்படியே தங்கள் செயல் சரி என்று வாதாடினார். கூடவே, அப்போதே ஒரு விளக்கமும் மன்னிப்பும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் போனது வருத்தம்தான் என்றும் எழுதினார்.

கவனியுங்கள். வெப்ஸ்டர் எழுதியது தாக்கப்பட்ட நாட்டின் புகார்க் கடிதம். என் மண்ணுக்குள் எப்படி வந்தாய் என்று கேட்ட கடிதம். இன்று அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் மண்ணுக்குள் போகிறவர்கள். அவர்களில் முதலில் நிற்பது அதே அமெரிக்கா. வேலி தாண்டாதே என்று போட்ட நோட்டீஸை, வேலி தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டாக வாசிக்கும் வித்தையை எங்கள் ஊர் கோர்ட்டில்கூட நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் 1945இல் ஐ.நா. சாசனம் வந்தது. 2(4) பிரிவு பலப்பிரயோகத்தைத் தடுக்கிறது. 51ஆம் பிரிவு, ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையைக் காக்கிறது. இவை உங்களுக்கு மனப்பாடம். ஆனால் 51இன் இரண்டாவது வாக்கியத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை. தற்காப்பில் இறங்கிய நாடு உடனே பாதுகாப்பு சபைக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது கடிதம் எழுத வேண்டும். நான் நோட்டீஸ் என்று சொல்வது இந்தக் கடிதத்தைத்தான்.

2001 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா ஒரு கடிதம் எழுதியது. ஆப்கானிஸ்தானில் இறங்குகிறோம் என்றது. வேறு அமைப்புகள் மீதும் வேறு நாடுகள் மீதும் நடவடிக்கை தேவைப்படலாம் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவைத்தது. தேதியும் இடமும் போடாத வெற்று முத்திரைத்தாள் மாதிரி ஒரு வாக்கியம் அது. 2014 செப்டம்பர் 23 அன்று சிரியாவில் ஐஎஸ் அமைப்பைத் தாக்கியபோது எழுதிய கடிதத்தில், சிரிய அரசுக்கு மனமில்லை, அல்லது வக்கில்லை என்ற வாதம் வெளிப்படையாகவே வந்தது. 2015 ஆகஸ்டில் ரக்காவில் தன் சொந்தக் குடிமகன் ஒருவரை ட்ரோனால் கொன்ற பிரிட்டன், செப்டம்பர் 7 அன்று கடிதம் எழுதியது. அதே மாதம் சிரியா பதில் எழுதியது: இது சாசனத்தைத் திரிப்பது, எங்கள் ஒப்புதல் இல்லை. ஆக, ஆட்சேபணை இருக்கிறது. அப்போது சிரியாவை ஆண்ட அசாத் அரசின் யோக்கியதை நமக்குத் தெரியும். ஆனால் கெட்ட மனிதன் போட்ட பதில் நோட்டீஸும் பதில் நோட்டீஸ்தான்.

ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் என்ன சொல்கிறது? 1986இல் நிகராகுவா வழக்கில், ஆயுதக் குழுவுக்குத் துப்பாக்கியும் பணமும் கொடுத்தால் மட்டும் அது ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது என்றது. 2004இல் பாலஸ்தீன மதில் பற்றிய கருத்துரையில், 51ஆம் பிரிவு ஒரு நாட்டை இன்னொரு நாடு தாக்குவதைப் பற்றியது என்றது. 2005இல் காங்கோ, உகாண்டா மீது போட்ட வழக்கில் இதே கேள்வி நேராக வந்து நின்றது. நீதிமன்றம் அதைத் தொடாமல் சுற்றிப் போனது. தொட்டிருக்க வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் தனியாக எழுதினார்கள். ஆட்சேபணையே இல்லாத காலி இடம் என்று நீங்கள் நினைத்த அந்த இடத்தில் உண்மையில் இருப்பது இவ்வளவுதான்: கொஞ்சம் எதிரான தீர்ப்பு, கொஞ்சம் நழுவல்.

இப்போது என் சொந்த வயலுக்கு வருகிறேன். எதிரிடை அனுபோகம் என்று ஒன்று படித்திருப்பீர்கள். பக்கத்து நிலத்தைப் பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் பாத்தியதை வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. அனுபோகம் பகிரங்கமாக இருக்க வேண்டும். ராத்திரியில் போய் மட்டை பொறுக்கினால் அது அனுபோகம் ஆகாது. உரிமையாளர் அனுமதித்து அனுபவித்தாலும் ஆகாது. அனுமதியின் பேரில் நூறு வருடம் இருந்தாலும் அவன் குடியிருப்பவன்தான். நாடுகளின் வழக்கம் சட்டமாவதும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. பேராசிரியர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

இந்த அளவுகோலைப் பாகிஸ்தானில் வைத்துப் பாருங்கள். முதல் தாக்குதல் 2004 ஜூனில், தெற்கு வசீரிஸ்தானில். அப்புறம் 2018 வரை நானூறுக்கு மேல். உலகத்தில் ட்ரோன் தாக்குதல் என்றாலே நினைவுக்கு வரும் இடம் அதுதான். ஆனால் அது பகிரங்கமாக நடந்ததா? நடத்தியது சிஐஏ. வாஷிங்டனில் கேட்டால் உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம் என்பார்கள். இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று வெள்ளை மாளிகையின் பயங்கரவாத எதிர்ப்பு ஆலோசகர் ஜான் பிரென்னன் மேடையில் விரிவாகப் பேசியதே 2012 ஏப்ரலில்தான். நடந்ததையே ஒப்புக்கொள்ளாத ஒன்றை மற்ற நாடுகள் எப்படி ஆட்சேபிக்கும்? எந்த முகவரிக்குப் பதில் போடும்?

அனுமதி இல்லாமல் நடந்ததா? அதுவும் இல்லை. பலூசிஸ்தானில் ஷம்சி விமானத்தளம் என்று ஒன்று. பாகிஸ்தான் மண்ணிலேயே, அமெரிக்க ட்ரோன்களுக்கு. 2011 நவம்பரில் சலாலா சோதனைச் சாவடியில் நேட்டோ தாக்கி 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்த பிறகுதான் அதைக் காலி செய்யச் சொன்னார்கள். விக்கிலீக்ஸ் வெளியிட்ட 2008ஆம் வருடத் தூதரகக் குறிப்பின்படி, பிரதமர் கிலானி அமெரிக்கத் தூதரிடம், சரியான ஆட்களை அடிக்கிற வரையில் நீங்கள் செய்யுங்கள், நாங்கள் தேசிய சபையில் கண்டித்துவிட்டு அப்புறம் விட்டுவிடுவோம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஏமனிலும் இதே கூத்து. 2010 ஜனவரியில் அதிபர் சாலே அமெரிக்கத் தளபதியிடம், குண்டு எங்களுடையது என்றே நாங்கள் சொல்லிக்கொள்வோம் என்றதாக இன்னொரு குறிப்பு.

ஆக, மறைவாக நடந்தது, அல்லது அனுமதியோடு நடந்தது. இரண்டில் எதுவானாலும், அனுமதி இல்லாமல் வேலி தாண்டும் உரிமைக்கு இது முன்னுதாரணம் ஆகாது. உங்களில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன், நீதிபதி வேடத்தையும் மறந்து.

அந்த அனுமதிதான் செல்லுமா என்பது தனி வழக்கு. பிரதமர் வரவேற்பறையில் காதோடு சொல்வது ஒரு நாட்டின் ஒப்புதலா? 2012 ஏப்ரலில் பாகிஸ்தான் நாடாளுமன்றம் ட்ரோன் தாக்குதலை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்த வருடம் பெஷாவர் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அந்த வழக்கின் பின்னணியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 2011 மார்ச் 17, வடக்கு வசீரிஸ்தானின் தத்தா கேல். ஒரு குரோமைட் சுரங்கம் யாருக்கு என்பதில் இரண்டு தரப்புக்குத் தகராறு. என் கட்சிக்காரர்கள் என்றால் கோர்ட்டுக்கு வந்து பத்து வருடம் வாய்தா வாங்குவார்கள். அங்கே ஜிர்கா கூட்டுவார்கள், நம் ஊர் பஞ்சாயத்து மாதிரி. பேருந்து நிற்கும் திறந்த வெளியில் பெரியவர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கும் பழங்குடிக் காவலர்களும் இருந்தார்கள். கூட்டம் நடக்கப்போவது பற்றி அங்கிருந்த ராணுவத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ட்ரோன் மேலே சுற்றியது. அது எப்போதும் சுற்றுவதுதான், அவர்கள் அண்ணாந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏவுகணை விழுந்து நாற்பது பேர் வரை செத்தார்கள். தாலிபான் தொடர்புள்ள சிலரும் அங்கே இருந்தார்கள் என்பது உண்மை. ஒரு சுரங்கத் தகராறு பேசுகிற இடத்தில் ஊரில் செல்வாக்குள்ள எல்லோரும்தான் இருப்பார்கள். வழக்கமாக வாய் திறக்காத ராணுவத் தளபதி கயானியே கண்டித்து அறிக்கை விட்டார்.

பழங்குடிப் பகுதி அப்போது பாகிஸ்தான் உயர் நீதிமன்றங்களின் வழக்கமான அதிகாரத்துக்கு வெளியே இருந்தது. அரசியல் சாசனத்தின் 247ஆம் பிரிவு கதவைச் சாத்தி வைத்திருந்தது. 1901இல் வெள்ளைக்காரன் போட்ட எல்லைப்புறக் குற்றச் சட்டம்தான் அங்கே சட்டம். அப்படி இருந்தும் பெஷாவர் தலைமை நீதிபதி தோஸ்த் முகமது கான், இந்தத் தாக்குதல் பற்றிய மனுவை எடுத்துக்கொண்டார். அந்தப் பகுதியை நிர்வகித்த பொலிட்டிக்கல் ஏஜென்ட்டிடம் இறந்தவர்களின் பட்டியல் கேட்டார். வடக்கு வசீரிஸ்தானில் ஐந்து வருடத்தில் 896 பாகிஸ்தான் பொதுமக்கள் என்று கணக்கு வந்தது. கொல்லப்பட்ட வெளிநாட்டவர் 47 பேர். இந்த எண்ணை அமெரிக்கா ஏற்காது. சுதந்திரமாகக் கணக்கெடுத்தவர்கள் சொல்லும் எண்களும் வேறு. ஆனால் ஓர் அரசாங்க அதிகாரி கோர்ட்டில் தாக்கல் செய்த கணக்கு என்ற வகையில் அதற்கு ஒரு கனம் உண்டு. தாக்குதல்கள் போர்க்குற்றம் என்றது தீர்ப்பு. பாதுகாப்பு சபைக்குப் போ, அங்கே வீட்டோ வந்தால் பொதுச் சபைக்குப் போ, அதற்கும் அமெரிக்கா மசியாவிட்டால் உறவை முறித்துக்கொள் என்று தன் அரசாங்கத்துக்கே உத்தரவு போட்டது. சுருக்கமாக, பதில் நோட்டீஸ் அனுப்பு என்றது.

பாகிஸ்தான் அனுப்பியது, ஒரு மாதிரியாக. 2014 மார்ச்சில் ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சிலில் ட்ரோன் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் எதிர்த்து வாக்களித்தன.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 ஜனவரி 16 அன்று ஈரான் தன் எதிரிக் குழுவைத் தேடி பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் ஏவுகணையும் ட்ரோனும் வீசியது. இரண்டு குழந்தைகள் இறந்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. இரண்டு நாள் கழித்து, 18ஆம் தேதி, பாகிஸ்தான் ஈரானின் சரவான் பகுதியில் ட்ரோனும் ராக்கெட்டும் வீசியது. வெளியுறவு அமைச்சகம் விட்ட அறிக்கையைப் படியுங்கள். பயங்கரவாதிகள் பற்றிப் பலமுறை ஆதாரம் கொடுத்தோம், ஈரான் நடவடிக்கை எடுக்கவில்லை, அரசு எட்டாத பகுதிகளில் அவர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்றது. மனமில்லை, வக்கில்லை. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் அதே வாதம். பத்து வருடத்துக்கு முன் பெஷாவரில் எதை எதிர்த்துத் தீர்ப்பு வந்ததோ, அதே வாதம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வேலியை நகர்த்துகிறான் என்று என்னிடம் அழுதவர், அடுத்த வருடம் மறுபக்க வேலியை நகர்த்திவிட்டு வந்து நின்றிருக்கிறார்.

நம் நாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அணிசேரா நாடுகள் இயக்கத்தில் நாம் இருக்கிறோம். 51ஆம் பிரிவு குறுகியது, அதைத் திருத்தி எழுதவோ புதுப் பொருள் சொல்லவோ கூடாது என்று அந்த இயக்கம் உச்சி மாநாட்டு ஆவணங்களில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. 2021 பிப்ரவரி 24 அன்று மெக்சிகோ, 51ஆம் பிரிவுக் கடிதங்களைப் பற்றிப் பேசவென்றே பாதுகாப்பு சபை உறுப்பினர்களின் முறைசாராக் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. கடிதங்கள் தெளிவில்லாமல் வருகின்றன, மற்ற நாடுகளுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை, பதில் வரவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மெக்சிகோவின் கவலை. அந்தக் கூட்டத்தில் இந்தியப் பிரதிநிதி, ஆயுதக் குழு தொடர்ந்து தாக்கினால், இடம் கொடுக்கும் நாடு அதைத் தடுக்க முன்வராவிட்டால், ஆதரிக்கவும் செய்தால், முன்கூட்டியே தாக்க நேரிடும் என்ற பொருளில் பேசினார். ஆனால் 2019இல் பாகிஸ்தானின் பாலகோட்டில் நடத்திய தாக்குதலின்போது வெளியுறவுச் செயலர் வாசித்த அறிக்கையில் 51 என்ற எண்ணே வரவில்லை. ஒரே நாடு, மூன்று குரல். நம்மை வைத்து 'ஆட்சேபித்த நாடு' என்றும் வாதாடலாம், 'ஒப்புக்கொண்ட நாடு' என்றும் வாதாடலாம். எந்தத் தரப்பு உங்களுக்குக் கிடைக்கிறதோ, அதற்கேற்ப.

இதுவரை பேசியது வேலியைப் பற்றி. வேலியை நியாயமாகவே தாண்டினாலும், உள்ளே யாரை அடிக்கலாம் என்பது வேறு சட்டம். போர் நடக்கிறதா, அந்த ஆள் போராளியா, கூட இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அது கேட்கும். உங்களில் இரண்டு அணிதான் இதைத் தொட்டது, அதுவும் கடைசி ஒரு நிமிடத்தில். எனவே ஒரே ஒரு காட்சி. 2012 அக்டோபர் 24, பக்ரீத்துக்குச் சில நாள் முன்பு, வடக்கு வசீரிஸ்தானில் ஒரு பாட்டி தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். ஏவுகணை விழுந்தது. பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைகளுக்குக் காயம். அடுத்த வருடம் அவர்களில் ஒரு பையனும் அவன் தங்கையும் தகப்பனாரோடு வாஷிங்டனுக்குப் போய் நாடாளுமன்றக் கட்டடத்தில் சாட்சி சொன்னார்கள். கேட்க வந்த உறுப்பினர்கள் ஐந்து பேர். வானம் நீலமாக இருந்தால் பயம், மேகம் மூடியிருந்தால்தான் வெளியே விளையாடப் போவேன் என்றான் பையன். மேகம் இருந்தால் ட்ரோன் வராது. மொழிபெயர்த்தவர் அழுதுவிட்டார். 2009 முதல் 2015 முடிய, போர்க்களங்களுக்கு வெளியே நடந்த 473 தாக்குதல்களில் இறந்த போரிடாதவர்கள் 64 முதல் 116 வரைதான் என்று ஒபாமா அரசு 2016இல் கணக்கு வெளியிட்டது. அந்தப் பாட்டி இதற்குள் இருக்கிறாரா இல்லையா என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. பெயரோ ஊரோ இல்லாத கணக்கு அது.

கடைசியாக ஒரு வழக்கு. இதைத்தான் நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 29, ஏமனின் ஹத்ரமௌத்தில் கஷாமிர் என்ற ஊர். பள்ளிவாசல் இமாம் ஒருவர் அல்காய்தாவை எதிர்த்துப் பிரசங்கம் செய்திருந்தார். அவரைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். தனியாகப் போக வேண்டாம் என்று போலீஸ்காரரான உறவினர் துணைக்குப் போனார். பேரீச்சை மரத்தடியில் ட்ரோன் தாக்கி ஐந்து பேரும் செத்தார்கள். பின்னால் ஏமன் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் குடும்பத்தாரைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே ஒரு லட்சம் டாலர், வரிசை எண் கலையாத புது நோட்டுகள். யார் கொடுத்தது என்று எழுதித் தர மறுத்துவிட்டார். நான் பார்த்த நஷ்ட ஈட்டு வழக்குகளிலேயே ரசீது இல்லாமல் இவ்வளவு பெரிய தொகை கைமாறியது இதுதான்.

அந்தக் குடும்பம் ஜெர்மனியில் வழக்குப் போட்டது. ஏன் ஜெர்மனி? பூமி உருண்டையாக இருப்பதால். நெவாடா பாலைவனத்தில் உட்கார்ந்து ட்ரோனை ஓட்டுகிறவரின் சிக்னல் நேராக ஏமனுக்குப் போகாது. கடலடிக் கேபிள் வழியாக ஜெர்மனியில் ராம்ஸ்டைன் அமெரிக்க விமானத்தளத்துக்கு வந்து, அங்கிருந்து செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து ட்ரோனுக்குப் போகிறது. அந்த ஒரு நிலையம் ஜெர்மன் மண்ணில் இருக்கிறது. 2019 மார்ச்சில் மூன்ஸ்டர் மேல்நிலை நிர்வாக நீதிமன்றம், தாக்குதல்கள் சட்டப்படி நடக்கின்றனவா என்று ஜெர்மன் அரசு சரிபார்க்க வேண்டும் என்றது. 2020 நவம்பரில் லைப்ஸிக்கில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2025 ஜூலை 15 அன்று கார்ல்ஸ்ரூவேயில் அரசியல் சாசன நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பில் இரண்டு பாகம். வெளிநாட்டில் இருப்பவர்களின் உயிரையும் காக்கும் கடமை, குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ், ஜெர்மனிக்கு உண்டு. இது புதுசு, பெரிசு. ஆனால் அதற்கு, சர்வதேசச் சட்டம் திட்டமிட்டு மீறப்படும் கடுமையான ஆபத்து இருக்க வேண்டும். யாரைக் குறிவைக்கலாம் என்பதில் அமெரிக்கா எடுக்கும் சட்ட நிலை, வாதாடவே தகாத நிலை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே மனு தள்ளுபடி.

வாதாடத் தகாதது அல்ல. இந்த இடத்தில் தீர்ப்பை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். வாஷிங்டனில் ஒரு வக்கீல், கட்சிக்காரருக்காக, வாதாடத் தகுந்த அளவுக்கு ஒரு நிலையை எழுதிவைக்கிறார். 2013இல் கசிந்த நீதித்துறைக் குறிப்பில், ஆபத்து நெருங்கிவிட்டது என்று சொல்ல, உடனே ஒரு குறிப்பிட்ட தாக்குதல் நடக்கப்போகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் தேவையில்லை என்று எழுதினார்களே, அதுபோல. அது சரியா என்று எந்த நீதிமன்றமும் சொல்ல வேண்டியதில்லை. முழுத் தப்பு என்று சொல்ல முடியாமல் இருந்தால் போதும், இன்னொரு நாட்டின் கடமையே நின்றுபோகிறது. மூட் கோர்ட்டில் 'வாதாடலாம்' என்பதற்குத்தான் நாங்கள் மதிப்பெண் போடுகிறோம்.

அந்த மாணவிக்கு நான் நல்ல மதிப்பெண்தான் போட்டேன். வாதத்துக்காக, அதில் மாற்றமில்லை. எதிர்த் தரப்புக்குக் குறைத்துப் போட்டேன். ஏனென்று கேட்டு இருவர் கடிதம் எழுதியிருந்தார்கள். இதுதான் பதில்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், போட்டிக்கு இல்லை, சும்மா. 2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையச் சாலையில் ஈரானின் காசிம் சுலைமானியை அமெரிக்கா ட்ரோனால் கொன்றது. கூடவே ஈராக்கியத் தளபதி ஒருவரும் இறந்தார். 8ஆம் தேதி பாதுகாப்பு சபைக்கு 51ஆம் பிரிவுக் கடிதம் போனது. ஈராக் தன் இறையாண்மை மீறப்பட்டதாகப் புகார் எழுதியது. சட்டவிரோதக் கொலை என்று அந்த வருடம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஆக்னஸ் காலமார் அறிக்கை கொடுத்தார். அமெரிக்கக் கடிதம் இரண்டு பக்கம்கூட நிறையாது. ஐ.நா. ஆவணக் களஞ்சியத்தில் கிடைக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் தகராறில் எந்தத் தரப்பிலும் இல்லாத ஒரு சின்ன நாட்டின் சட்ட ஆலோசகராக உங்களை நினைத்துக்கொண்டு, பதில் எழுதுங்கள். ஒப்புக்கொண்டும் எழுதலாம், மறுத்தும் எழுதலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில்தான் இருப்பேன், கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தேதி போட மறக்காதீர்கள்.

அன்புடன்,
இரண்டாவது ஹால் வக்கீல்